பதின்மூன்று கட்டை

வணக்கம் நேயர்களே.

அரை மரதன் என்றால் 21 கிலோமீற்றரும் இன்னுமொரு 97 மீற்றர் சொச்சமும். எங்கள் ஊர்க் கணக்கில் 13 கட்டைக்குச் சற்றே மேலே; மைலைத்தான் கட்டை என்கிறோம். திருகோணமலையில் நாங்கள் இன்றைக்கும் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றுதானே இடம் சொல்கிறோம்? அந்தக் கட்டைகளைக் காலால் எண்ணிக்கொண்டு போவதில்தான் இப்போது என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன.

நான் உடற்கல்வி ஆசிரியை. இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு 100 மீற்றரும் 400 மீற்றரும் பழக்கியிருக்கிறேன். நெடுந்தூரம் நானே ஓடத் தொடங்கியது 46 வயதில். அன்றிலிருந்து காண்கிற எல்லோரிடமும் சொல்லி வருகிற ஒன்றைத்தான் உங்களிடமும் சொல்ல வந்தேன். நீண்ட ஓட்டத்தை மெதுவாக ஓடுங்கோ. எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வசனம் பேசக்கூடிய அளவுக்கு. தனியே ஓடினால் தேவாரத்தில் ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கோ. பாதியில் மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது.

காரணம் இருக்கிறது. நாம் சாப்பிடுகிற சோறும் புட்டும் சர்க்கரையாக மாறித் தசையிலும் ஈரலிலும் சேமிப்பாகக் கிடக்கும். வேகமாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அந்தச் சேமிப்பு வற்றத் தொடங்கும். மெதுவாக ஓடும்போது உடம்பு கொழுப்பையும் கூடுதலாக எரிக்கும், சர்க்கரை மிஞ்சும். பின்பாதியில் கால் தூக்க அதுதான் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிழை விட்டேன். 18 கிலோமீற்றர் ஓடவேண்டிய நாள். வழக்கமாக நாலே முக்காலுக்குக் கோட்டை வாசலில் நிற்பேன். கோட்டையில் திரிகிற மான்கள் அப்போதும் படுத்துத்தான் கிடக்கும். அன்று புறப்படும்போது ஆறு மணி. பிந்தியதை ஈடுகட்ட நினைத்து நிலாவெளி வீதியில் வேகத்தைக் கூட்டினேன். ஆறாம் கட்டைக்குச் சற்று முன்னே திரும்பும்வரை ஒரு குறையும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது கச்சான் காற்று எழும்பிவிட்டது. எங்கள் கச்சான் எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அடுப்பு வாசலில் நிற்பது போல இருக்கும். ஒன்றைக் கவனியுங்கோ. காற்றில்லாத விடியலில் வியர்வை சொட்டுச் சொட்டாக வடியும். வடிகிற வியர்வை உடம்பைக் குளிர்த்தாது, காய்கிற வியர்வைதான் குளிர்த்தும். கச்சானில் அது தோலுக்கு வந்த உடனேயே காய்ந்துவிடும். சட்டை நனையாது. அதனால் எனக்கு வியர்க்கவில்லை என்று நினைப்போம், தண்ணீரை மறந்துவிடுவோம். நானும் மறந்தேன். கன்னத்தைத் தடவினேன், விரலில் உப்பு மணல் போல நறநறத்தது. அப்போதுதான் விளங்கியது.

உப்புவெளியில் போர்க்கல்லறைத் தோட்டத்தடியில் 13 கிலோமீற்றர் முடிந்திருந்தது. இன்னும் ஐந்து. கால் மண்மூட்டை போலாகிவிட்டது. நின்றுவிட்டேன். பின்னாலே மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் ஒரு ஐயா வந்தார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள்.

"என்ன ரீச்சர், ஏலாதே?"

"இன்னும் ஐஞ்சு கிலோமீற்றர் கிடக்கு, ஐயா."

"ஐஞ்சை ஏன் பாக்கிறியள்? கரைவலை இழுக்கேக்க தூரத்தில கிடக்கிற வலை மடியைப் பாத்தால் கை விட்டுப்போகும். கையில கிடக்கிற கயித்தைப் பாத்து இழுக்கவேணும்."

அவ்வளவுதான். ஹோர்னை அமத்திக்கொண்டு போய்விட்டார்.

கரைவலை இழுப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், பார்த்து அலுத்ததில்லை. இரண்டு வரிசை ஆட்கள். கயிற்றை இடுப்பில் சாத்தி, குதியை மணலில் ஊன்றி, ஒரு குரல் கொடுத்து ஓரடி பின்னே வைப்பார்கள். கரை மேட்டில் கடைசியாக நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு நடந்துபோய்த் தண்ணீரோரம் முதலாளாகப் பிடிப்பார். கயிற்றை விட்டு நடந்து போகிற அந்தச் சில அடிதான் அவருக்கு ஓய்வு. மற்றவர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், வலையும் வந்துகொண்டே இருக்கும். இத்தனை வருடம் பார்த்தும் அந்த நடையை நான் ஓய்வென்று கண்டதில்லை.

நானும் அப்படியே செய்தேன். போத்தலில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் கலந்த தண்ணீர் இருந்தது. அதில் நாலு மிடறு, ஒரு பேரீச்சம்பழம். பிறகு காலடியைக் குறுக்கி, இடதுகால் விழும்போது மட்டும் எண்ணி, நூறு வந்ததும் ஒரு நிமிடம் நடை. திரும்பவும் ஒன்றிலிருந்து. ஐந்து கிலோமீற்றரை நான் நினைக்கவேயில்லை. எழுபத்திரண்டு, எழுபத்திமூன்று, அதுதான் நினைவில் இருந்தது. கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மான்கள் நிழலுக்குப் போய்விட்டிருந்தன.

இதைக் கேட்டுவிட்டு எப்படியும் ஓடி முடிக்கவேண்டும் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. களைப்பு வேறு, ஆபத்து வேறு. கால் கனப்பது, சலிப்பு வருவது, வீட்டுக்குப் போவோமா என்று மனம் கேட்பது, இவையெல்லாம் களைப்பு. எண்ணி எண்ணிக் கடந்துவிடலாம். வெயிலில் குளிர்வது போல மயிர் சிலிர்த்தால், தலை சுற்றினால், வாந்தி வந்தால், எந்தச் சந்தியில் நிற்கிறோம் என்பது குழம்பினால் உடனே நிறுத்துங்கோ. நிழலில் இருந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கோ, ஆளைக் கூப்பிடுங்கோ. குழப்பம் வந்தால் நேரே ஆஸ்பத்திரி. எண்ணிக்கொண்டிருந்தபோது நான் ஒவ்வொரு நடையிலும் எனக்கு நானே கேட்டது இதைத்தான்: இப்போது எந்த இடம், அடுத்து எந்தச் சந்தி?

சப்பாத்தைப் பற்றியும், விடியமுன் தனியே ஓடுகிற பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல எழுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்து தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். சப்பாத்துக்கு ஒரு வசனம்: புதியதை நீண்ட ஓட்ட நாளில் முதன்முதலாகப் போடாதேங்கோ. பெண்பிள்ளைகளுக்கு: தனியே வரப் பயமென்றால் என்னோடு வாருங்கோ. ஞாயிறு காலமை நாலே முக்காலுக்கு கோட்டை வாசலில் நிற்பேன். இந்த முறை 19 கிலோமீற்றர். மெதுவாகத்தான் ஓடுவோம். தண்ணீர்ப் போத்தலை மறக்காதேங்கோ.

வணக்கம்.