சட்டத்தோடு பிரெஞ்சும் சேர்த்துப் படிப்பது: பார்க்கே என்றால் தரை இல்லை

வணக்கம் மக்களே. கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தால் மன்னிக்கவும், போனை ஒரு புத்தகத்தின் மேல் சாத்தி வைத்திருக்கிறேன், அது என்ன புத்தகம் என்று அப்புறம் காட்டுகிறேன்.

போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "எனக்கு பிரெஞ்சு நன்றாக வரும், சட்டத்தோடு சேர்த்துப் படிக்க அது போதுமா?" போதாது. நன்றாக வரும் என்பதே சில நேரம் தொல்லை. பிரான்ஸில் நான் உட்கார்ந்த முதல் வகுப்பில் பேராசிரியர் "பார்க்கே, பார்க்கே" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்த பார்க்கே மரப்பலகை பதித்த தரை. கோர்ட்டில் தரைக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கால்மணி நேரம் குழம்பி, பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது அரசுத் தரப்பில் வழக்கு நடத்துபவர்களைக் குறிக்கும் சொல். அவர்களும் தீர்ப்பு எழுதும் நீதிபதிகளும், இரு தரப்புமே அங்கே 'மஜிஸ்த்ரா'தான், அதாவது நீதித்துறை அதிகாரிகள். 'அரே' என்றால் பஸ் நிற்கும் இடமும்தான், மேல்நீதிமன்றத் தீர்ப்பும்தான். 'அவொக்கா'வைச் சொல்லவே வேண்டாம், அது வக்கீலும், அவகாடோ பழமும்.

சரி, படிப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பிரிட்டனில் இது பொதுவாக 4 வருடம், அதில் ஒரு வருடம் பிரான்ஸில். பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். சில இடங்களில் பிரெஞ்சு மொழி மட்டும், சில இடங்களில் பிரெஞ்சுச் சட்டமே பாடம். லண்டன் கிங்ஸ் காலேஜும் பாரிஸ் 1 பாந்தியோன்-சோர்போனும் சேர்ந்து நடத்துவதில் இரண்டு வருடம் லண்டன், இரண்டு வருடம் பாரிஸ், கையில் இரு நாட்டுப் பட்டம். நான் படிப்பது அது இல்லை, அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சலும் இல்லை.

என்னைக் கவிழ்த்தது மொழி இல்லை, எழுதும் முறை. ஆங்கிலச் சட்டத்தில் வழக்கு வழக்காக எடுத்து, இது அதைப் போன்றது, இது அதிலிருந்து வேறுபடுகிறது என்று நடந்து போய்ப் பழகியிருந்தேன். பிரான்ஸில் கட்டுரை என்றால் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பகுதி, அவ்வளவுதான். மூன்றாவது பகுதி இருந்தால் அது உங்கள் பிரச்சினை. நான் எனக்குத் தெரிந்தபடி ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன், 20க்கு 7. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல், 'ப்ளான்?' பாஸ் ஆக 10 வேண்டும். 14 வந்தால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம், 20 எல்லாம் யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பழைய தீர்ப்புகளைப் படிப்பதும் தனி அனுபவம். பிரான்ஸின் உச்ச நீதிமன்றங்களில் ஒன்றான கூர் த கஸாசியோன் முழுத் தீர்ப்பையும் ஒரே வாக்கியமாக எழுதும், "அத்தாந்து க... அத்தாந்து க..." (இதைக் கருத்தில் கொண்டு... இதைக் கருத்தில் கொண்டு...) என்று போய்க்கொண்டே இருக்கும், முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றுதான். நம் உரையாசிரியர்களைப் படித்த யாருக்கும் இது பழகிவிடும் என்பது என் கருத்து. 2019 அக்டோபரிலிருந்து அந்த நடையைக் கைவிட்டுவிட்டார்கள். மாணவர்களுக்கு நிம்மதி, எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் எனக்குப் பிடித்த இடத்தைக் காட்டுகிறேன். இருங்கள், போனைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். இதுதான் அந்தப் புத்தகம், கோட் சிவில், அதாவது பிரான்ஸின் சிவில் சட்டத் தொகுப்பு, தல்லோஸ் பதிப்பு, செங்கல் நிறம், செங்கல் கனம். 1240ஆம் பிரிவு. 2016க்கு முன் இதன் எண் 1382. எண்தான் மாறியது, 1804இல் நெப்போலியன் காலத்தில் எழுதிய வாசகம் அப்படியே இருக்கிறது. ஒருவரின் எந்தச் செயலாவது இன்னொருவருக்குக் கேடு விளைவித்தால், யாருடைய தவறால் அது நேர்ந்ததோ அவர் ஈடுசெய்ய வேண்டும். ஒரே வாக்கியம், முடிந்தது. இதே மாதிரி ஒரு பொதுக் கொள்கைக்கு வந்து சேர, ஆங்கிலேயர்களுக்கு 1932இல் ஒரு பாட்டில் ஜிஞ்சர் பீரும் அதற்குள் ஒரு நத்தையும் தேவைப்பட்டது, டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் என்ற வழக்கு அது. அந்த நத்தை உண்மையில் பாட்டிலில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை, அது வேறு கதை.

அடுத்த வாரம் அந்த இரண்டு பகுதிக் கட்டுரையை ஒரு கேள்வியை வைத்து எழுதிக் காட்டுகிறேன். அந்த 7 மார்க் தாளையும் கொண்டுவருகிறேன், சிரிக்கக் கூடாது.