பாவ்லோவாவின் பெருமை பயணத்தில்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா கலைக்குச் செய்த பெரும் தொண்டு எது? மேடையில் ஆடிய ஆட்டமா, அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன பயணமா? இதுதான் தலைப்பு. பயணமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவி 'சாகும் அன்னம்' நடனத்தை வருணித்தபோது அவையே சொக்கிப்போனது. நானும்தான். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் இசைக்கு ரஷ்ய நடன அமைப்பாளர் ஃபோக்கின் அமைத்த நடனம் அது. கால்விரல் நுனியில் நின்று பொடிப்பொடியாக நகரும் அடிகள். தோளில் கிளம்பி விரல் நுனிவரை அலையலையாக ஓடும் கைகள். கடைசியில், நீட்டிய ஒரு காலின் மேல் உடல் மடிந்து அடங்கிவிடுகிறது. எல்லாம் சில நிமிடங்கள்தான். ஆனால் அம்மையார் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்த நடனத்துக்கு அரண்மனை செட் வேண்டாம், பின்னால் வரிசைகட்டி நிற்க ஆட்கள் வேண்டாம். ஒருவர், இறகு தைத்த ஓர் உடை, செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற ஒரு வாத்தியம். எந்த ஊருக்கும் கையோடு கொண்டுபோகலாம். எதிரணி தன் பெரிய சாட்சியாக நிறுத்திய அன்னமே எங்கள் பக்கம் பேசுகிறது, நடுவர் அவர்களே!

பாவ்லோவா 1881ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சலவைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். அந்த ஊரின் மரின்ஸ்கி அரங்கு ரஷ்யப் பேரரசர் ஜாரின் அரங்கு. ஏழைக் குழந்தை அங்கே நுழைவது பண்டிகைநாள் மாதிரி ஒரு நிகழ்வு. அம்மா ஒருநாள் அவரை அங்கே 'உறங்கும் அழகி' பாலே பார்க்கக் கூட்டிப்போனார். அன்றைக்கே மனதில் தீர்மானம் விழுந்துவிட்டது. நடனப் பள்ளியில் முதலில் சேர்க்க மறுத்தார்கள். 10 வயதில் இடம் கிடைத்தது. 1906ல் அதே அரங்கின் முதன்மை நடனக் கலைஞர். ஒரே ஒரு மாலை ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பது அவருக்குத் தன் வாழ்க்கையிலேயே தெரியும். அதனால்தான் அந்தப் பாதுகாப்பான பதவியை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குழுவோடு கிளம்பினார்.

1917ல் பெரு நாட்டின் லிமா நகரில் ஆடினார். பார்வையாளர்களில் 13 வயதுப் பையன் ஒருவன். பெயர் ஃபிரடெரிக் ஆஷ்டன். பின்னாளில் இங்கிலாந்தின் பாலேவுக்கே முகம் கொடுத்த நடன அமைப்பாளர். தன்னை இந்தப் பாதைக்கு இழுத்தது அந்தக் காட்சிதான் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவ்லோவா பாரிஸிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் மட்டும் ஆடியிருந்தால் லிமாவில் இருந்த அந்தப் பையன் எதைப் பார்த்திருப்பான்?

புதுமை செய்தவர் ரஷ்ய பாலே குழு நடத்திய தியாகிலெவ், பாவ்லோவா பழைய பாணியிலேயே நின்றுவிட்டார் என்று ஒரு குற்றச்சாட்டு வந்தது. சரி, ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். தியாகிலெவ் குழுவின் 'நெருப்புப் பறவை' பாலேவுக்கு ஸ்ட்ராவின்ஸ்கி அமைத்த இசை பிடிக்காமல் அதில் ஆட மறுத்தவர்தான் பாவ்லோவா. தியாகிலெவின் புதுமைக்குப் பாரிஸிலும் லண்டனிலும் தேர்ந்த ரசிகர்கள் காத்திருந்தார்கள். பாவ்லோவா போன பல ஊர்களில் பாலே என்றால் என்னவென்றே தெரியாது. மெக்சிகோ நகரில் 1919ல் காளைச் சண்டை அரங்கில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் ஆடினார். அந்த மக்களின் ஹராபே என்ற நாட்டுப்புற நடனத்தையே கற்றுக்கொண்டு, விரல் நுனியில் நின்று ஆடிக் காட்டினார். இதுவும் புதுமை இல்லையா?

அப்புறம், நம் ஊர்க் கதை. இந்தியாவுக்கு வந்து போன பாதிப்பில் இந்தியக் கருப்பொருளில் நடனம் அமைக்க விரும்பினார். லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கரைப் பிடித்தார். 1923ல் கோவென்ட் கார்டன் அரங்கில் அவர் கிருஷ்ணன், பாவ்லோவா ராதை. தூரிகை பிடித்த கை முத்திரை பிடிக்கத் தொடங்கியது அங்கேதான். பிறகு ருக்மிணி தேவி. பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் நெருங்கிப் பழகினார்கள். குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று சொன்னவர் பாவ்லோவா. பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர் குடும்பங்கள். அந்தப் பெருமையில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் ருக்மிணி தேவி நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்கப் போய் நின்றதற்கும், 1936ல் கலாக்ஷேத்ரா எழுந்ததற்கும் பின்னால் அந்தக் கப்பல் பயணமும் இருக்கிறது.

பயணம்தான் அவரைக் கொன்றது என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 1931 ஜனவரி 23 அன்று, சுற்றுப்பயணத்தின் நடுவில், நெதர்லாந்தின் ஹேக் நகரத்து ஹோட்டலில் நுரையீரல் உறை அழற்சியால் இறந்தார். 50 வயது நிறைய மூன்று வாரம் பாக்கி. நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் லண்டனில் ஐவி ஹவுஸ் என்ற சொந்த வீடு இருந்தது; தோட்டத்துக் குளத்தில் அன்னம் வளர்த்தார்; நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி அங்கேயே காலம் தள்ளியிருக்கலாம். யாரும் அவரை விரட்டவில்லை. எந்த அரசும் அவர் குழுவுக்குச் சம்பளம் தரவில்லை. ஆடினால்தான் அத்தனை பேருக்கும் சோறு, அப்படியும் ரயிலும் கப்பலும் மாறி மாறி ஏறினார். அது அவராகத் தேர்ந்தெடுத்த வாழ்க்கை, நடுவர் அவர்களே. அதை விபத்துபோலப் பேசவேண்டாம் என்று எதிரணியைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.