திருப்பி எடுக்கத் தெரிந்தவர்தான் டிபிஏ

(கொருக்குப்பேட்டையில், ஐடி வேலை தேடும் பிள்ளைகளுக்கான ஒரு கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்படுத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலைப் பிடித்து இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு நிற்கிற அம்மாவிடம் "சர்வர் வேலை செய்யலம்மா, அப்புறம் வாங்க" என்று சொல்வதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அவருக்கு அரை நாள் கூலி போய்விடும். சர்வர் என்று பொதுவாகச் சொன்னாலும் நெட்வொர்க் படுத்திருக்கலாம், மெஷின் பழுதாகியிருக்கலாம், பின்னால் தகவல்களைச் சேர்த்து வைத்திருக்கிற டேட்டாபேஸ் திணறியிருக்கலாம். அந்த மூன்றாவதற்குப் பொறுப்பானவர்தான் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமாக டிபிஏ. இப்படி ஒரு வேலை இருப்பதே நம்ம ஏரியா பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி முடிக்கும்வரை தெரிவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவல்களை டேபிள்களாக வைத்து ஒன்றோடொன்று இணைக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஓராக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வரலாறு இவ்வளவு போதும்.

டிபிஏவின் வேலை என்ன என்று தேடினால் நீளமாக ஒரு பட்டியல் வரும்: டேட்டாபேஸை நிறுவுவது, யாருக்கு என்ன அனுமதி என்று பார்ப்பது, வேகம் குறையாமல் வைத்திருப்பது, பேக்கப் எடுப்பது. அதில் ஒன்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். போன டேட்டாவைத் திருப்பிக் கொண்டுவரத் தெரிய வேண்டும். பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் போதும், ராத்திரி இரண்டு மணிக்கு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, டேபிள் திறக்கிறதா, நேற்றைய கடைசிப் பதிவு உள்ளே இருக்கிறதா என்று மெனக்கெட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைச் சேர்த்து வைக்கிற தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அங்கே நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்று பிரதானம், இன்னொன்று அதன் நகல். நகல் பின்தங்கிவிட்டதால், அதைக் காலிசெய்து புதிதாக நிரப்பலாம் என்று ராத்திரி நேரத்தில் ஓர் இன்ஜினியர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது பிரதான சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு டேட்டாபேஸுக்குப் பழைய 9.2 பதிப்பின் பேக்கப் கருவி ஓடியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் தோற்றிருக்கிறது, தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயிலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் அவர்களே வெளியிட்டார்கள், அதனால்தான் இன்றைக்கு நாம் இதிலிருந்து படிக்க முடிகிறது. அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சர்வரில் நகல் ஓடுகிறதே, அதுவே பேக்கப்தானே என்று கேட்பார்கள். யாராவது எதை அழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாமல் ஒரு டெலீட் கட்டளை ஓட்டினால் அந்த அழிப்பும் சில நொடியில் நகலுக்குப் போய்விடும். 11:42-க்குத் தவறு நடந்தால் 11:41 எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்ப, பழைய பேக்கப்பும், அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்திருக்கிற லாக் கோப்புகளும் சேர்ந்து வேண்டும். அந்த பேக்கப்பும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம்ம பக்கம் தெருவெல்லாம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். சர்வர் இருக்கிற அறையின் அலமாரியிலேயே பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

கிளவுட் வந்துவிட்டதே, இனி டிபிஏ எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதே இடத்தில்தான் இருக்கிறது. அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் தானாகவே பேக்கப் எடுக்கும், சரி, ஆனால் அந்தத் தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள்தான் வைத்திருக்கும். இரண்டு மாதம் முன்னால் அழிந்துபோன ஒன்றை இன்றைக்குக் கண்டுபிடித்தால்? எத்தனை நாள் வைக்க வேண்டும், எவ்வளவு டேட்டா போனால் தாங்கும், எத்தனை மணி நேரம் கடை மூடியிருக்கலாம், இதையெல்லாம் முதலாளியிடம் கேட்டு எழுதி வாங்குகிற ஆள் வேண்டும். அதனால் பேசத் தெரிவதும் இந்த வேலையின் திறமைதான்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி, மெதுவாக ஓடினால் உடனே இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளடைவு மாதிரி) போடாதீர்கள், முதலில் எக்ஸ்பிளெயின் என்ற கட்டளையைப் போட்டு அது எந்த வழியில் தேடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு இண்டெக்ஸும் படிப்பதை வேகமாக்கும், எழுதுவதைக் கொஞ்சம் தாமதமாக்கும்.

தமிழ் தெரிந்த டிபிஏவுக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது. சுப்புலட்சுமி என்ற பெயர் நம் கண்ணுக்கு 7 எழுத்து. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் எழுத்து, அதில் ஏறும் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் 13. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 39 பைட். ஓராக்கிளில் பெயருக்கு 30 என்று இடம் ஒதுக்கினால், வழக்கமான அமைப்பில் அது 30 பைட்தான். சுப்புலட்சுமி உள்ளே போக மாட்டார், எரர் வரும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது கடைசிவரை தெரியாது. நம் மக்களின் பெயர் அரைகுறையாகப் பதிவாகாமல் பார்த்துக்கொள்ள நம்மில் ஒருவர் அங்கே உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதற்காகவும்தான்.

சான்றிதழ் படிப்புகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, காசு இருக்கும்போது எழுதிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இப்போது டீ வருகிறது. குடித்துவிட்டு லேப்டாப் இருப்பவர்கள் முன்வரிசைக்கு வாங்க, இல்லாதவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், கீபோர்டை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, பேக்கப் எடுத்து, டேபிளை நிஜமாகவே டிராப் செய்து, அதாவது முழுசாக அழித்து, திருப்பிக் கொண்டுவருவோம்.