"ராஜா ரத்தம் 50 சதவீதம்" என்றால் என்ன? நாய் வம்சாவளிக் கணக்கு

[திரையில்: சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக், கீழே காப்பிக்கடை]

வணக்கம். போன வாரம் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த அண்ணன் ஒருவர் கைபேசியை நீட்டினார். டாய் பூடில் என்ற சின்ன நாயினத்தின் குட்டி ஒன்றின் வம்சாவளிப் பட்டியல். "தம்பி, இதப் பாரு. சாம்பியன் ராஜாவோட ரத்தம் 50 சதவீதமாம். அதான் வெல கூடன்னு விக்கிறவரு சொல்றாரு."

வீவக வீட்டில் பொதுவாக ஒரே ஒரு நாய்தான் வளர்க்க முடியும், அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நம்மோடுதான் இருக்கும். அதனால் அந்த 50-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

[திரையில்: வம்சாவளி மரம்]

ரத்தக் கணக்கு சுலபம். அப்பாவுக்கு 50, அம்மாவுக்கு 50. தாத்தா பாட்டி நால்வருக்கும் தலா 25. அதற்கு மேல் எட்டுப் பேருக்குத் தலா 12.5. ஒரே நாய் இரண்டு இடத்தில் வந்தால் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணனின் பட்டியலில் ராஜா, குட்டியின் அப்பா இல்லை. அப்பாவைப் பெற்றதும் ராஜா, அம்மாவைப் பெற்றதும் ராஜா. 25-உம் 25-உம் சேர்ந்து 50. ராஜாவே நேரடி அப்பாவாக இருந்து, அம்மா எந்த உறவும் இல்லாத வேறு வம்சமாக இருந்தாலும் அதே 50தான் வரும். ஆனால் இந்த இரண்டு குட்டிகளும் ஒன்றல்ல.

[திரையில்: இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில்]

இங்கேதான் இன்ப்ரீடிங் கணக்கு வருகிறது. தமிழில் உட்கலப்பு. ஒவ்வொரு மரபணுவும் குட்டிக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அந்த இரண்டும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? அதுதான் உட்கலப்பு விகிதம். 1922இல் சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் தந்த கணக்கு இது.

விரல் விட்டே எண்ணலாம். அப்பாவிலிருந்து பொது முன்னோர் வரை ஏறி, அங்கிருந்து அம்மா வரை இறங்குங்கள். வழியில் எத்தனை நாய்? அப்பா, ராஜா, அம்மா. மூன்று. பாதியில் பாதியில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. 12.5 சதவீதம். ராஜாவே உட்கலப்பில் பிறந்தவன் என்றால் இது இன்னும் ஏறும். இன்னொரு குட்டிக்கு? அம்மா பக்கம் ராஜாவே இல்லை, இறங்க வழியில்லை. பூஜ்யம்.

கூடப் பிறந்த இரண்டைச் சேர்த்தால் பொது முன்னோர் இருவர், இரண்டு வழி, ஆகவே 25. அப்பா மகள் சேர்க்கையும் 25தான். இந்த இரண்டு வகைச் சேர்க்கையிலும் பிறக்கும் குட்டிகளைப் பிரிட்டனில் இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் 2009 முதல் பதிவு செய்வதில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அக்கா மகளைக் கட்டினால் 12.5, மாமன் மகளைக் கட்டினால் 6.25. ஆக, அண்ணனின் குட்டி தாய்மாமன் கல்யாணத்துக்குச் சமம்! சிரித்தார், ஆனால் கைபேசியை மூடவில்லை.

[திரையில்: நாயின் கண், மெல்ல மங்குகிறது]

12.5 என்றால் என்ன கெட்டுவிடும்? பூடில்களில் பிஆர்ஏ என்று ஒரு கண் நோய் உண்டு. விழித்திரை மெல்ல மெல்லத் தேய்ந்து பார்வை போய்விடும். பழுதான பிரதி இரண்டு சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருந்தால் நாயிடம் எந்த அறிகுறியும் தெரியாது, கண்காட்சியில் கோப்பைகூட வாங்கும். ராஜா அப்படி ஒன்றைச் சுமந்திருந்தால்? அவனிடமிருந்து குட்டியின் அப்பாவுக்குப் போக பாதி வாய்ப்பு, அங்கிருந்து குட்டிக்கு மறுபடி பாதி. அம்மா வழியிலும் அப்படியே. பெருக்கினால் பதினாறில் ஒன்று. அம்மா பக்கம் அந்தப் பிரதி இல்லாவிட்டால் குட்டிக்கு அந்த நோய் வரவே வராது.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். மூன்று தலைமுறைப் பட்டியலில் "பூஜ்யம்" என்று வரும் நாய்க்குப் பத்துத் தலைமுறை தேடினால் பெரிய எண்ணே வரலாம். பத்தாவது வரிசையில் மட்டும் 1,024 இடங்கள். ஒரு இனத்துக்குள்ளேயே அவ்வளவு வேறு வேறு நாய்க்கு எங்கே போவது? அதனால் எத்தனை தலைமுறைக் கணக்கு என்று கேட்காமல் இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள். அப்புறம், தாத்தாவிடமிருந்து 25 என்பதும் சராசரிதான். மரபணு சீட்டுக்கட்டு மாதிரிக் கலைந்து வருகிறது; ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே கூடக் குறைய இருக்கும். வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் டிஎன்ஏ சோதனைதான் அதைக் காட்டும்.

அண்ணனிடம் இரண்டே இரண்டைக் கேட்கச் சொன்னேன்: ஐந்து தலைமுறைப் பட்டியல், தாய் தகப்பன் இரண்டுக்கும் பிஆர்ஏ சோதனை முடிவு. இருவரில் ஒன்றிடம் சோதித்த அந்தப் பழுது இல்லையென்றாலே போதும், அந்தப் பழுதால் வரும் நோய்க்குப் பயப்பட வேண்டாம்.

அன்று சாயங்காலமே கேட்டிருக்கிறார். பதிலுக்கு ராஜா கோப்பையோடு நிற்கும் படம் மறுபடி வந்திருக்கிறது.