52-இல் 27 போனால் 35: தப்பு எங்கே நடந்தது?

[திரையில்: கட்டம் போட்ட நோட்டின் ஒரு பக்கம். 52 − 27 = 35. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு தப்புக் குறி.]

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 52-இல் 27 போனால் 25. இந்தப் பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. தப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் என்ன தப்பு?

"ரெண்டுல ஏழு போகாது. சரி, ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்று ஒரு பிள்ளை புரட்டிப் போட்டிருக்கலாம். பத்தாம் இடத்தில் ஐந்தில் இரண்டு போனால் மூன்று. விடை 35. இன்னொரு பிள்ளை ஒழுங்காகத்தான் கடன் வாங்கியிருக்கும். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஐந்தை நான்காகக் குறைக்க மறந்துவிட்டது. அதற்கும் விடை 35 தான்.

விடை ஒன்று, நோய் இரண்டு. முதல் பிள்ளைக்கு 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பதே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு எல்லாம் தெரியும், நடுவில் ஒரு படி வழுக்குகிறது. இரண்டு பேருக்கும் "இதே மாதிரி இருபது கணக்கு போட்டுட்டு வா" என்று சொன்னால், அவரவர் தப்பை இருபது தடவை பழகிக்கொண்டு வருவார்கள். பின்தங்கும் பிள்ளைகளை அனுப்பும் சாதாரண டியூஷனில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும், விவரம் தெரிந்த சிறப்பாசிரியர் முதலில் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்பார். சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் எண்ணை மாற்றுவார்.

[திரையில்: 53 − 27. கீழே இரண்டு விடைகள்: 34, 36.]

புரட்டிப் போடும் பிள்ளை இதற்கு 34 என்று எழுதும். குறைக்க மறக்கும் பிள்ளை 36 என்று எழுதும். ஒரே ஒரு இலக்கம்தான் மாறியது, இரண்டு பேரும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டார்கள். 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கழித்தல் தப்புகளை இப்படித்தான் அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். பல பிள்ளைகள் கண்டபடி எழுதுவதில்லை, தப்பான ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கண்டார்கள். அந்தத் தப்பு விதிகளுக்கு, நிரலில் வரும் பிழைக்குக் கணினிக்காரர்கள் சொல்லும் சொல்லையே எடுத்து 'பக்' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, வாசிப்புக்கு வருவோம்.

'கொடி' என்ற சொல்லை ஒரு பிள்ளை 'கெடி' என்று படிக்கிறது. கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால் அந்த எழுத்தைப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள்.

[திரையில்: 'கொ' என்ற எழுத்து மூன்று துண்டாகப் பிரிகிறது. ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால்.]

இடமிருந்து வலமாகப் போனால் முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். கொம்பையும் க-வையும் பார்த்ததுமே வாய் 'கெ' என்று முடிவு செய்துவிட்டது. கால் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்று சொல்ல முடியாது, மூன்று துண்டையும் ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. உகர வரிசையில் இன்னொரு தொல்லை. கு, சு, து, மு என்று ஒரே ஒலிக்கு வெவ்வேறு வளைவுகள். அதனால் "247 எழுத்தும் தெரியுமா?" என்ற கேள்விக்குப் பயனே இல்லை. எந்த வரிசையில் கால் இடறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பெரியவர்களுக்குக் கண்ணில் படவே படாது. 'பகல்' என்பதை ஒரு பிள்ளை ப, க, ல் என்று எழுத்துக்கூட்டுகிறது. 'கடல்' என்பதில் வரும் அதே அழுத்தமான க. ஆனால் காதுக்குப் பழகிய பகலில் க மெலிந்து ஒலிக்கும். எழுத்து சரி, கூட்டியதும் சரி, வந்து விழுந்த சொல் மட்டும் கேட்டறியாத சொல். 'வருகிறார்கள்' என்பதும் அப்படித்தான். பிள்ளை வீட்டில் கேட்டதெல்லாம் 'வர்றாங்க'. தட்டுத்தடுமாறிக் கடைசி எழுத்து வரை போய்ச் சேர்ந்தாலும் அங்கே தெரிந்த முகம் யாருமில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தத் தடுமாற்றத்தை அழகாக மறைப்பார்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்வார்கள், பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். அதனால் 'நுபொ', 'தெகூமி' என்று பொருளே இல்லாத சொற்களைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பதுண்டு. ஊகிக்க வழியில்லாததால் எழுத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. பிள்ளை படிக்கத் திணறிய பத்தியை நீங்கள் படித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேளுங்கள். டக் டக்கென்று பதில் வந்தால் புரிதலில் குறையில்லை, எழுத்தைச் சொல்லாக்குவதில்தான் அடைப்பு. கேட்டும் புரியவில்லை என்றால் சொல்வளத்தையும் பேச்சையும் கவனிக்க வேண்டும். 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனைக் கேட்டுப் புரியும் திறனால் பெருக்கினால் வாசித்துப் புரிவது. பெருக்கல் என்பதால் ஒன்று சுழியமானால் எல்லாம் சுழியம்.

இதற்கும் அறிவுக்கூர்மைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். சூட்டிகையான பையன், எண்களைத் தடையில்லாமல் படிப்பவன், ஆனால் தன் பெயரையே எழுத்து இடம் மாறி 'பிரெசி' என்று எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். இன்று இதை டிஸ்லெக்ஸியா என்கிறோம். எண்களில் வருவது டிஸ்கால்குலியா. பரிசோதனைச் சான்றிதழ் வந்தால்தான் உதவ ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. கண்ணையும் காதையும் மட்டும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவதைக் கண்டு உடனே பதற வேண்டாம், சின்ன வயதில் நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். வண்ணக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வந்துவிடும் என்று யாராவது விற்க வந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ரப்பர் பேண்டு போட்ட ஐந்து தீக்குச்சிக் கட்டுகள். பக்கத்தில் இரண்டு உதிரிக் குச்சிகள்.]

கணக்கைப் புரட்டிப் போட்ட அந்த முதல் பிள்ளைக்கு என்ன செய்வது? மேசையில் 52 தீக்குச்சி. பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரி இரண்டு. "இதிலிருந்து 27 எடு." இரண்டு கட்டை எடுத்துவிடும். ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. இங்கே ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, பிள்ளையின் கை தானாக ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். அதுதான் கடன் வாங்குதல். (அந்தப் பெயரே எனக்குப் பிடிக்காது. வாங்கியதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே! 'கட்டைப் பிரித்தல்' என்று சொல்லிப் பாருங்கள்.) நான்கைந்து நாள் குச்சி, அப்புறம் கட்டுக்கு ஒரு கோடும் உதிரிக்கு ஒரு புள்ளியுமாகப் படம், அதற்கும் அப்புறம்தான் இலக்கங்கள். கையில் தொடுவது, படமாகப் பார்ப்பது, குறியாக எழுதுவது என்ற இந்த வரிசையை ஜெரோம் புரூனர் 1960-களிலேயே சொல்லிவிட்டார். அவசரத்தில் நாம் தாண்டிவிடுவது நடுவில் உள்ள படத்தைத்தான்.

வாசிப்புக்கும் அதே போக்கு. இடறும் வரிசையை மட்டும் எடுத்து, கெ–கொ, பெ–பொ என்று ஜோடியாகக் கேட்க, சொல்ல, எழுத, பிறகு அந்த எழுத்துகள் அடிக்கடி வரும் நாலு வரியைப் படிக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட வாரத்தில் நாலு நாள் அரை அரை மணி நேரம் நல்லது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அணில் ஆடு படப் புத்தகத்தை நீட்டாதீர்கள். மட்டம் கீழே இருக்கலாம், விஷயம் வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் கைகொடுக்காவிட்டால் இதெல்லாம் பாதிதான். நாளைக்கு வகுப்பில் படிக்க வேண்டிய பத்தியை இன்றே கொடுத்தனுப்பலாம், திடீரென்று எழுப்பிவிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லும் அவமானம் தீரும். அறிவியல் விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் வெட்டாமல் இருக்கலாம். வாக்கியக் கணக்கை யாராவது படித்துக் காட்டலாம். முக்கியமாக, தனிப் பயிற்சி நேரத்தை வீட்டுப்பாடம் விழுங்கிவிடக் கூடாது. நாளைய வீட்டுப்பாடம் முடிந்துவிடும், ஓட்டை அப்படியே இருக்கும்.

[திரையில்: கையால் வரைந்த வரைபடம். வாரத்துக்கு ஒரு புள்ளி.]

முன்னேற்றத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: வாரம் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்களை எண்ணிப் புள்ளி வையுங்கள். ஓரிரு வாரம் புள்ளி இறங்கினால் கவலையில்லை. இரண்டு மாதம் படுத்தே கிடந்தால் முறையை மாற்ற வேண்டும், பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

கழித்தலுக்கு வரைபடம்கூட வேண்டாம். ஒருநாள் குச்சியும் இல்லாமல் படமும் இல்லாமல், "ஒரு கட்டைப் பிரிச்சாச்சு, இப்ப நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளை எழுதும். அன்றைக்குத் தீக்குச்சிகளை எடுத்து உள்ளே வைக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்து 502-இல் 27 போக வேண்டியிருக்கிறது.