கண்டுபிடித்தவரே தோற்ற களம்

நேயர்களுக்கு வணக்கம். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவரே பயிற்றுவித்த கல்லூரி அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். அமெரிக்காவின் நடுப்பகுதியில், லாரன்ஸ் என்ற ஊரில் இருக்கும் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்த ஆட்டம் இது. (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.) பனிக்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் பந்து விழுந்தால் ஏறித்தான் எடுக்க வேண்டும். அணிக்கு 9 பேர். முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கோல்.

1898-ல் அவர் கான்சஸுக்கு வந்தார். 1899 பிப்ரவரி 3-ல் நடந்த முதல் போட்டியில் கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியிடம் 16-5 என்று தோல்வி. 1907 வரை 55 வெற்றி, 60 தோல்வி. அவருக்கு இது உடம்புக்கும் குணத்துக்குமான பயிற்சி. உத்தி வகுத்து ஜெயிக்கவேண்டிய விஷயமாக அவர் இதைப் பார்க்கவே இல்லை. தன்னிடம் ஆடிய ஃபாக் ஆலன் பயிற்சியாளராகப் போகிறேன் என்றபோது, "இதைச் சொல்லித்தர முடியாதப்பா, ஆடத்தான் முடியும்" என்ற பொருளில் அவர் சொன்னதாக இன்றும் பேச்சு உண்டு.

ஆலன் கேட்கவில்லை. எலும்பு, தசைக் கோளாறுகளைக் கையாலேயே சரிசெய்யும் ஆஸ்டியோபதி படித்துவிட்டு 1919-ல் கான்சஸுக்குத் திரும்பினார். 1956 வரை அங்கேயே இருந்தார். அவர் செய்தவற்றில் பெரியதாக நான் நினைப்பது எந்தக் கோப்பையையும் அல்ல, 1927-ல் நடந்த ஒரு சண்டையை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வதுதான் ட்ரிபிள். அப்படி ஒரே ஒரு முறைதான் தட்டலாம் என்று விதிக்குழு முடிவெடுத்தது. அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பந்தைப் பிடித்தவரால் ஓடி முந்த முடியாது என்று தெரிந்தால் தடுப்பவர் மேலே ஒட்டிக்கொண்டு நிற்பார். பாஸைத் தவிர வேறு வழி இருக்காது. ஆட்டம் நின்ற இடத்திலேயே நடக்கும். ஆலன் பயிற்சியாளர்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். விதி கைவிடப்பட்டது.

அந்த விதி நிலைத்திருந்தால் ஆட்டம் எப்படி இருந்திருக்கும்? 1936 பெர்லின் ஒலிம்பிக் கோடி காட்டியது. கூடைப்பந்தை ஒலிம்பிக்கில் சேர்க்கப் பாடுபட்டவர்களில் ஆலனும் ஒருவர். இறுதிப்போட்டி திறந்தவெளி மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை, தட்ட முடியவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. அவ்வளவுதான் ஸ்கோர்.

இனி வெட்கப்படவேண்டிய பக்கம். 1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கான்சஸில் சேர்ந்தார். அணியில் ஆட அவருக்கு இடமில்லை, நிறம்தான் காரணம். ஆனால் அவருக்கு ஆசானாக அமைந்தவர் நெய்ஸ்மித். அங்கே படித்த மெக்லெண்டன் வேகத் தாக்குதலைத் தன் கலையாக்கினார். ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பிவரும் பந்தை, பிடித்தவர் உடனே பக்கவாட்டில் நிற்பவருக்குப் பாஸ் தரவேண்டும். பந்து நடுப்பாதைக்கு வரும்போது இரு ஓரங்களிலும் இருவர் ஓடவேண்டும். எதிரணி திரும்பி அணிவகுப்பதற்குள் ஷாட் போய்விடும். முதல் பாஸ் ஒரு நொடி தாமதமானாலும் எல்லாம் வீண். 1957, 58, 59 ஆகிய மூன்று ஆண்டுகளும் டென்னசி ஏ அண்டு ஐ கல்லூரிக்கு சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. பட்டம் வாங்கித்தந்தார். கான்சஸின் மரபில் நெய்ஸ்மித், ஆலன் பெயர்களோடு இவர் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1952-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியான என்.சி.ஏ.ஏ.-வில் கான்சஸுக்கு முதல் பட்டம். இறுதியில் கிளைட் லவ்லெட் 33 புள்ளி எடுத்தார். அந்த அணியில் அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்காத டீன் ஸ்மித் பிறகு நார்த் கரோலினாவின் பெரும் பயிற்சியாளர் ஆனார். கென்டகி பல்கலைக்கழகத்தின் பெரும் பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பும் ஆலனிடம் ஆடியவரே. 1957 இறுதியில் கான்சஸின் ஏழடி வில்ட் சேம்பர்லினை நார்த் கரோலினா வீரர்கள் சுற்றி வளைத்தார்கள். ஷாட் கடிகாரம் இல்லாத காலம், பந்தை எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம். மூன்று ஓவர்டைம் (கூடுதல் நேரம்) போய் 54-53 என்று கான்சஸ் தோற்றது. 1988-ல் டேனி மேனிங் 31 புள்ளியும் 18 ரீபவுண்டும் எடுத்து இரண்டாவது பட்டம் தந்தார்.

பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியது 2008 இறுதி. 2 நிமிடம் 12 விநாடி மிச்சம், மெம்ஃபிஸ் 9 புள்ளி முன்னால். கான்சஸ் வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தியது. ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பார் இல்லாமல் எறியக் கிடைப்பது ஃப்ரீ த்ரோ, விழுந்தால் ஒரு புள்ளி. மெம்ஃபிஸுக்கு அது பலவீனம். கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் எறிந்த 5-ல் 4 தவறின. 10.8 விநாடி இருக்கையில் 63-60. மூன்று புள்ளி முன்னால் இருக்கும் அணி, எதிரணி ஷாட்டுக்கு எழும்புவதற்குள் ஃபவுல் செய்துவிட்டால் கிடைப்பது இரண்டு ஃப்ரீ த்ரோதான், சமன் ஆகாது. அந்த ஃபவுல் விழவில்லை. ஷெரான் காலின்ஸ் பந்தைக் கொண்டுவந்து மாரியோ சால்மர்ஸுக்குக் கொடுத்தார். 2.1 விநாடி மிச்சமிருக்கையில் அவர் தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளி ஷாட் விழுந்து ஆட்டம் சமன். ஓவர்டைமில் கான்சஸ் 75-68 என்று வென்றது, மூன்றாவது பட்டம். 2022 இறுதியில் பாதி ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்து 72-69 என்று வென்றது நான்காவது பட்டம்.

1955-ல் திறந்த கான்சஸின் ஆட்ட அரங்கமான ஆலன் ஃபீல்டு ஹவுஸை ஒட்டிய கட்டடத்தில் தட்டச்சு செய்த இரண்டு பழைய தாள்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. நெய்ஸ்மித்தின் 13 விதிகள். பழைய மாணவர் டேவிட் பூத் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தவை. பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும் என்கிறது மூன்றாவது விதி. 1927-ல் ஆலன் காப்பாற்றிய ட்ரிபிளைப் பற்றி அந்தத் தாள்களில் ஒரு சொல்கூட இல்லை.