மீட்டர் 17 காட்டுகிறது, மூக்கு வேறு சொல்கிறது! ரோட்டரி என்ஜின் டியூனிங்கின் பெரிய கண்ணி

[திரை: பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7. என்ஜின் ஐட்லிங்கில் "பிரப்... பிரப்..." என்று விட்டுவிட்டு அடிக்கிறது. டாஷ்போர்டு மீட்டரில் 17.]

பெட்ரோலுக்கு எத்தனை மடங்கு காற்று என்பதைக் காட்டும் மீட்டர் இது. இந்த 17-ஐப் பார்த்தால், என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் பின்னால் போய் நின்று பாருங்கள், பச்சைப் பெட்ரோல் வாடை கண்ணைக் கரிக்கும். மீட்டரை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வரலாறு அரை நிமிடம். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் பெலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி என்ஜின் 1957-இல் ஜெர்மனியில் ஓடியது. 1967-இல் மஸ்தா அதை காஸ்மோ ஸ்போர்ட் காரில் விற்றது. 1991-இல் டர்போவே இல்லாத மஸ்தா 787பி லே மான்ஸ் பந்தயத்தை வென்றது. போதும், வாருங்கள்.

[திரை: 14.7]

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடைக் கணக்கு என்பதால் இது சாதாரணமாகத் தெரிகிறது. லிட்டரில் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! எண் 14.7-க்குக் கீழே போனால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; மேலே போனால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு.

[திரை: 13பி என்ஜினின் குறுக்குவெட்டு அனிமேஷன். வேகத்தைக் குறைத்து ஓடவிடவும்.]

இந்தக் காரில் இருப்பது டர்போ இல்லாத 13பி என்ற மஸ்தா ரோட்டரி என்ஜின். காற்று உள்ளே வரும் வாயிலை அறுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதனால் உள்வாயிலும் வெளிவாயிலும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கின்றன. வேகம் குறைவாக இருக்கும்போது எரிந்த புகை புதுக் கலவைக்குள் புகுந்துவிடுகிறது. பிளக் பொறி அடித்தாலும் கலவை பற்றாமல் அப்படியே வெளியே போகிறது. அடுத்த முறை அறையில் பழைய புகை குறைவு, டப்பென்று பற்றுகிறது. பலர் காசு கொடுத்து வாங்கும் அந்த "பிரப் பிரப்" ஓசை இதுதான்! எனக்கும் பிடிக்கும், மறைக்கவில்லை.

சிக்கல் மீட்டருக்கு எண் கொடுக்கும் புகைக்குழாய் சென்சாரில். அது பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. பந்தியில் ஒருவர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். இலையில் சோறு மிச்சமிருப்பதைப் பார்த்த பரிமாறுபவர், "குழம்பு போதவில்லை போலிருக்கிறது" என்று அடுத்தவர் இலையில் குழம்பைக் கொட்டுகிறார். அவருக்கும் சாப்பிட முடியவில்லை, சோறு இன்னும் மிஞ்சுகிறது. உடனே இன்னொரு கரண்டி! பற்றாத கலவையின் ஆக்சிஜனை "லீன்" என்று படித்துப் பெட்ரோலைக் கூட்டும் டியூனர் செய்வது இதையேதான்.

எனவே இப்படி மாற்றிய என்ஜினின் ஐட்லிங்கை மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தும் கூட்டியும், என்ஜின் எங்கே சீராக நிற்கிறது என்று காதால் கேளுங்கள்.

[திரை: பவரை அளக்கும் டைனோ மேடையில் கார், ஆக்சிலரேட்டர் முழுதாக அழுத்தப்பட்டு]

முழு வேகத்தில் மீட்டரை நம்பலாம். டர்போ ரோட்டரிக்குச் சொல்லும் 11-ஐ இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அது பவரையும் பெட்ரோலையும் சேர்த்து வீணாக்கும், கரியும் படியும். டர்போ இல்லாததற்கு 13-ஐ ஒட்டித் தொடங்குங்கள். அதற்கும் மேலே போகும் ஆசை வேண்டாம். இதன் எரியறை நீண்டு ஒடுங்கியது. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் இருந்தும் தீ பரவ நேரம் பிடிக்கிறது, வெளிவாயில் திறக்கும்போதும் எரிதல் முழுதாக அடங்குவதில்லை. புகை ஏற்கெனவே கொதிக்கிறது. சென்சாரையும் என்ஜினிலிருந்து சற்றுத் தள்ளியே பொருத்துங்கள், இல்லாவிட்டால் வெந்துவிடும்.

ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்கள் என்ஜினில் வெளிவாயில் பக்கச் சுவரில் இருக்கிறது, இரண்டு வாயில்களும் சேர்ந்து திறப்பதில்லை. அதனால் ஐட்லிங்கில் லீன் காட்டினால் முதல் சந்தேகம் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மேல் இருக்கட்டும். சோர்ந்துபோன காயிலும் கலவையைப் பற்றவைக்காமல் விட்டுவிடும், அந்தப் பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயிலையும் பிளக்கையும் மாற்றிவிட்டு, பிறகு டியூன் செய்ய லேப்டாப்பைத் திறவுங்கள். அப்போதும் எண் இறங்கவில்லையென்றால் புகைக்குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா பாருங்கள். உங்கள் மீட்டர் என்ன காட்டியது என்று கமெண்டில் எழுதுங்கள்.